இந்தப் பக்கம் ஒரு சோபா, அந்தப் பக்கம் ஒரு சோபா

ஆமா கண்ணு, அது நாந்தான். நீ ஏறி உக்காந்ததுல இருந்து என்னைய ஒருக்கா, ஃபோனை ஒருக்கான்னு மாத்தி மாத்திப் பாத்துட்டிருந்தியல்ல, அப்பவே புரிஞ்சுக்கிட்டேன். கூச்சப்படாதே. எல்லாரும் கேக்கறதுதான். போன வாரம் ஆஸ்பத்திரியில ஊசி போட வந்த நர்சம்மாவே, கையைப் புடிச்சு நரம்பு தேடிக்கிட்டே, "நீங்க அந்தக் கெணத்தக்காதானே?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அப்பறம் ஊசி வலிச்சதே தெரியல போ.

ஒண்ணே ஒண்ணு. அதைச் சொல்லிக் காட்டுங்கன்னு மட்டும் கேக்காதே. பஸ்ஸுக்குள்ள சொல்ல மாட்டேன்.

நீ வீடியோவை முழுசாப் பாத்தியா, அந்தத் துண்டு மட்டும் பாத்தியா? துண்டுதானே. அதான். ஊர் முச்சூடும் துண்டு பாத்தவங்கதான். எந்த ஊரு, என்ன கெணறு, எதுத்தாப்புல உக்காந்திருக்கற ஆளு யாரு, ஒருத்தருக்கும் தெரியாது. அது எங்கண்ணன் கண்ணு. கூடப் பொறந்த அண்ணன். சென்னியப்பன்னு பேரு. எங்கப்பன் தோட்டத்தை ரெண்டாப் பிரிச்சு, வடக்கால அவருக்கு, தெக்கால எனக்குன்னு குடுத்தாரு. என்னைய உள்ளூர்லயே கட்டிக் குடுத்ததால அண்ணன் ஊடும் எங்க ஊடும் கூப்புடு தூரந்தான். அங்க கொழம்பு கொதிச்சா இங்க கிண்ணம் வந்துரும்.

இப்ப டவுனைச் சுத்திக்கிட்டுப் போறதுக்கு ஒரு ரோடு வருதல்ல, பைபாஸு, அது எங்க தோட்டத்து வழியாத்தான் வருது. அளந்து குச்சி நட்டாங்க. எங்கெணறு நட்ட நடு ரோட்டுல வருது. சுத்துவட்டாரத்துல ஆயிரம் அடி போர் போட்டவங்களுக்கெல்லாம் வெறும் புகைதான். எங்கெணத்துல கோடையிலயும் மோட்டார் ஓடும். அதை மூடிப்போட்டு மேல தார் ஊத்தறேன்னா உடுவனா நானு? ரோடு வேண்டாம்னு சொன்னேன்.

அண்ணன் வேணும்னாரு. அவரும் சும்மா சொல்லல. எங்க நங்கை, அண்ணன் சம்சாரம் ரங்கநாயகி, நெஞ்சு வலின்னு சாஞ்சபோது ஆம்புலன்ஸ்ல ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்க. அன்னிக்குன்னு பாத்து சந்தை. டவுனுக்குள்ள வண்டி நவுரல. தக்காளிக் கூடையைத் தாண்டி, மினி லாரியைத் தாண்டி, அண்ணனே எறங்கி முன்னால ஓடி "வழி உடுங்க, வழி உடுங்க"ன்னு கும்புட்டுக்கிட்டே போயிருக்கறாரு. ஆஸ்பத்திரி கேட்டைத் தொடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அதுல இருந்து ரோடு வரணும், வந்தே ஆகணும்னு நின்னாரு. அவரு எடத்துல நீ இருந்தாலும் அப்படித்தான் நிப்பே.

அதுக்காகப் பேச்சு நின்னு போச்சுன்னு நெனைக்காதே. தெனமும் சண்டை போடுவோம். "உனக்குக் கெணறு பெருசு அம்மணி, எனக்கு மனுச உசுரு பெருசு"ம்பாரு. "தண்ணி இல்லாம எந்த உசுருங்கண்ணா இருக்கும்?"பேன் நானு. கத்து கத்துன்னு கத்திப்போட்டு, போகும்போது எம்மாட்டுக்கு அவரே தண்ணி காட்டிட்டுப் போவாரு. அப்படிச் சண்டை போட்டுப் போட்டுத்தான் ஒரு வழியும் கண்டுபுடிச்சோம். எங்க தோட்டத்துக்கு மேக்கால பழைய வாய்க்கா ஒண்ணு இருக்குது. தண்ணி வந்தே பல வருசம். புறம்போக்கு, ஒருத்தருக்கும் சொந்தமில்ல. ரோட்டைச் சித்த அந்தப் பக்கம் வளைச்சா கெணறும் தப்பும், ரோடும் வரும். அண்ணன்தான் மொதல்ல சொன்னாரு. நானும், சரிதானுங்கண்ணான்னேன். கிராம சபையில ரெண்டு பேரும் சேந்து நின்னு சொல்லலாம்னு இருந்தோம். ரோடு வேணுங்கறவரும் வேண்டாங்கறவளும் சேந்து சொன்னா ஆபீசர் கேட்டுத்தானே ஆகணும்?

அதுக்குள்ளதான் மிதுன் தம்பி வந்துச்சு.

"மோதிப்பாரு"ன்னு யூடியூப்ல வருதே, அதை நடத்தற பையன். நல்ல பையன் கண்ணு, குத்தம் சொல்லக்கூடாது. வந்ததும் செருப்பை வாசல்லயே கழட்டி உட்டுட்டு, "அம்மா, உங்க ஊர்ப் பிரச்சினை நாடு பூரா தெரியணும்"னு சொல்லுச்சு. கிராம சபைக்கு நூறு பேரு வருவாங்க, இதுல லட்சக்கணக்கான பேரு பாப்பாங்கன்னுச்சு. எங்க ஊட்டுக்காரரு மட்டும், "நம்மூருக் கதையை நம்மூர்ல பேசுனாப் போதும்"னாரு. அவரு எப்பவுமே அப்படித்தான், எதுக்கும் முன்னால வர மாட்டாரு. அண்ணனும் நானும் ரோசிச்சுப் பாத்தோம். ஆபீசருங்க கூட யூடியூப் பாக்கறாங்க, சொல்லிப்போடலாம்னு கெளம்பிட்டோம்.

கோயமுத்தூர்ல பெரிய ஹாலு. உள்ளார போனா மார்கழி மாசமாட்டக் குளுருது. இந்தப் பக்கம் ஒரு சோபா, அந்தப் பக்கம் ஒரு சோபா. இதுக்குப் பின்னால கெணறு வேணுங்கறவங்க, அதுக்குப் பின்னால ரோடு வேணுங்கறவங்க. அவங்கெல்லாம் யாருன்னே தெரியல கண்ணு, எங்கூருக்காரங்க ஒருத்தரு கூட இல்ல. அண்ணன் பாவம், அங்க நின்ன பொண்ணுகிட்டே, "நாங்க ரெண்டு பேரும் ஒரே யோசனை சொல்லத்தான் வந்திருக்கறோம் சாமி, நடுவுல சேந்து உக்காந்துக்கலாமா?"ன்னு கேட்டாரு. "நடுவுல சீட் இல்லீங்க ஐயா, அங்க கேமரா வரும்"னு சொல்லிருச்சு. வாய்க்கா விசயத்தைச் சொன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு, "அதைக் கடைசியில சொல்லிக்கலாம்மா. மொதல்லயே ஒத்துப்போயிட்டா யாரு பாப்பாங்க? பொறுமையாப் பேசுனா ஜனங்க தள்ளி உட்டுட்டுப் போயிருவாங்க"ன்னுச்சு. நெசந்தானே? நீயே பொறுமையாப் பேசறதைப் பாப்பியா சொல்லு.

ஆரம்பிச்சாங்க. அண்ணன் நங்கை கதையைத்தான் மொதல்ல எடுத்தாரு. அவருக்குப் பேச வராது கண்ணு, தேங்கித் தேங்கித்தான் பேசுவாரு. சந்தை நாளுன்னு ஆரம்பிச்சு, தக்காளிக் கூடைன்னு வரைக்கும் வந்தாரு. அதுக்குள்ள டமால்னு ஒரு சத்தம் போட்டாங்க, மேல இருந்து செவப்பு லைட்டு. மிதுன் தம்பி எம்பக்கம் திரும்பி, "அக்கா, ஒரு பொம்பளை உசுரைவிட உங்க கெணறு பெருசா? ஆமாவா இல்லையா?"ன்னு கேக்குது. நான் என்னன்னு சொல்லுவேன்? ஆமான்னா கொலைகாரி, இல்லைன்னா கெணறு போச்சு. பின்னால இருக்கறவங்க ஓஓன்னு கத்தறாங்க. எதுத்த பக்கம் ஒருத்தன், எவனோ, "கெணத்துக்காகக் கூடப் பொறந்தவன் பொண்டாட்டியைக் கொன்னவ"ன்னு எந்திரிச்சு நின்னு கையை நீட்டறான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிப்போச்சு. அந்த ஆளைப் பாத்துச் சொல்ல வேண்டியது, கண்ணு அண்ணம்மேல போயிருச்சு.

"செத்தவங்க பேரைச் சொல்லி ரோடு கேக்காதே!"

பாரு, சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டுச் சொல்லிப்போட்டேன். போவுது.

கேக்காதேன்னு வந்துருச்சு கண்ணு. நான் பொறந்ததுல இருந்து எங்கண்ணனை நீங்க, வாங்க, போங்கன்னுதான் கூப்புடறது. அன்னிக்கு "கேக்காதே"ன்னு வந்துருச்சு. அது ஒண்ணுதான் எனக்கு உறுத்தல். மத்தபடி நான் சொன்னதுல என்ன தப்பு? யோசிச்சுப் பாத்தா நாயந்தானே? கை தட்டுனாங்க பாரு! பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. எம்பக்கத்து ஆளுக எந்திரிச்சு நின்னு தட்டறாங்க, எதுத்த பக்கத்து ஆளுகளும் தட்டறாங்க. வாழ்நாள்ல எனக்கு யாரு கண்ணு கை தட்டுனா?

அண்ணன் துண்டை எடுத்து ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரு போற வரைக்கும் கேமரா பின்னாலயே போச்சு. வாய்க்கா விசயத்தைக் கடைசியில நான் சொல்லத்தான் சொன்னேன், தனியா உக்காந்து நல்லாவே சொன்னேன். அதை வெட்டிட்டாங்க. நேரம் பத்தலையாம்.

அப்பறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. தெறந்த வாயோட எம்படம், தலையைக் குனிஞ்ச அண்ணன் படம், நடுவுல மின்னல். "தங்கச்சியிடம் தோற்று ஓடிய அண்ணன்"னு போட்டிருந்தாங்க. ஆபீசுல எவனாச்சும் பாட்டி செத்துப்போச்சுன்னு லீவு கேட்டா இதைத்தான் அனுப்பறாங்களாம், "செத்தவங்க பேரைச் சொல்லி லீவு கேக்காதே"ன்னு. திருப்பூர்ல பனியன்ல அச்சடிச்சு உட்டிருக்கறாங்க. எங்க ஊட்டுக்கு எதுத்தாப்புல ஒருத்தன் அதைப் போட்டுக்கிட்டு நின்னு பல் தேய்க்கறான், நான் வாசல் தெளிக்கறேன்.

அண்ணன் ஊட்டுக்கு மறாநாளே போனேன். கதவு தெறந்துதான் கெடந்துச்சு. அவரு உள்ளார நங்கை போட்டோவுக்குப் பூ வெச்சுக்கிட்டிருந்தாரு. "அண்ணா, அவிய வெட்டி ஒட்டிட்டாங்க"ன்னேன். திரும்பாமயே, "நீ சொன்னதை நான் நேர்லயே கேட்டேன் அம்மணி. அதுல ஒண்ணும் வெட்டு இல்ல"ன்னாரு. நான் என்ன பண்ணட்டும்? பெரியவங்க மறந்துறணும். அவருக்குச் சித்த வைராக்கியம் எச்சு.

கிராம சபை வந்துச்சு. நாங்க சேந்து சொல்றதா இருந்தது அதுலதான். ஊரே ரெண்டாப் போயிருந்துச்சு. அதுக்கு முன்னால யாரு எந்தப் பக்கம்னே தெரியாது, பாதிப் பேருக்கு ரோடு எங்க வருதுன்னே தெரியாது. இப்பக் கெணத்துக் கட்சி ஒரு பக்கம், ரோட்டுக் கட்சி ஒரு பக்கம், சோபாதான் இல்ல. தாசில்தார் வந்து உக்காந்தாரு. அண்ணன் எந்திரிச்சு, "ஐயா, மேக்கால ஒரு வாய்க்கா"ன்னு ஆரம்பிச்சாரு. நெசமாலுமே ஆரம்பிச்சாரு கண்ணு, எம்மேல அத்தனை கோவத்துலயும். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நானும் எந்திரிச்சேன், "ஆமாங்கய்யா, அண்ணன் சொல்றதுதான்"னு சொல்லலாம்னு. நான் எந்திரிச்சதைப் பாத்ததும் பசங்க பூரா ஃபோனைத் தூக்கிட்டாங்க. "போடுக்கா! போடுக்கா!"ன்னு விசிலு. அண்ணன் எம்மூஞ்சியைப் பாத்தாரு, அந்த ஃபோனுங்களைப் பாத்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு. தாசில்தாரும் சிரிச்சுட்டாரு. கெட்ட மனுசன் இல்ல, அவரும் பாத்திருப்பாருல்ல. "அம்மா, ஒருமித்த கருத்துக்கு வந்துட்டுச் சொல்லுங்க"ன்னு சொல்லி, அதையே எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. பொறவு வந்து கல்லே நட்டுட்டாங்க. குச்சி இருந்த எடத்துல இப்பக் கல்லு.

நடுவுல நாலஞ்சு தடவை மிதுன் தம்பி கூப்புட்டுச்சு. போனேன். ஊட்டுக்காரரு வேண்டாம்னாரு. போகலைன்னா கெணத்தைப் பத்திப் பேச வேற ஆளு யாரு இருக்கறா? ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை சொல்லிக்கலாம்னுதான் கூப்புடும். போய்ப் பாத்தா, மருமகளுக்கு ஃபோன் குடுக்கலாமா வேண்டாமா, பொம்பளைங்களுக்கு ஓசி பஸ் வேணுமா வேண்டாமான்னு எதையாச்சும் வெச்சிருப்பாங்க. ஏதாவது ஒரு சோபாவுல உக்கார வெப்பாங்க. எந்தப் பக்கம்னு அவங்களேதான் சொல்லுவாங்க. ஒருக்கா ஓசி பஸ் வேண்டாங்கற பக்கம் உக்கார வெச்சுட்டாங்க. நானே ஓசியிலதான் வந்திருக்கறேன்! கோவமா எதையாச்சும் சொல்லுவேன், தட்டுவாங்க. கெணறுன்னு வாயைத் தெறந்தா, "அக்கா, அதுக்குத் தனி எபிசோடு"ம்பாங்க.

எம்பொண்ணு சௌமியா கல்யாணம் வந்துச்சு கண்ணு. தாய்மாமன் வந்து பட்டம் கட்டாம எங்கள்ல தாலி ஏறாது. நானும் எங்க ஊட்டுக்காரரும் தட்டு எடுத்துக்கிட்டுப் போய்க் கூப்புட்டோம். "பொண்ணுக்கு நான் செய்யறதை யாரும் தடுக்க முடியாது"ன்னாரு அண்ணன். வந்தாரு. பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, சீர்த்தட்டோட, மேளத்தோட. மண்டபத்து வாசல்ல நான் நின்னேன். எனக்கு அவரு கையைப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுறணும் போல இருந்துச்சு. அவருக்கும் வாய் துடிச்சுச்சு, நான் பாத்தேன். "வாங்கண்ணா"ன்னு சொல்றதுக்குள்ள ஒரு நூறு ஃபோனு கண்ணு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க, சொந்தக்காரங்க, பந்தி பரிமாறறவன் கூடக் கரண்டியைக் கீழ வெச்சுட்டு எடுக்கறான். "மோதுங்க, மோதுங்க"ன்னு ஒரு பையன் கத்தறான், எல்லாரும் சிரிக்கறாங்க. எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அழுதா அது ஒரு வீடியோ. சிரிச்சா எல்லாம் நடிப்புன்னு ஒரு வீடியோ. பேசாம நின்னா மொறைச்சாங்கன்னு ஒரு வீடியோ. என்ன பண்ணுனாலும் மாட்டிக்கிட்டோம். அவரு அப்படியே என்னையத் தாண்டி உள்ளார போனாரு, பொண்ணு நெத்தியில பட்டம் கட்டுனாரு, கண்ணைத் தொடைச்சாரு, பந்தியில உக்காராமயே போயிட்டாரு. "கல்யாண மண்டபத்தில் முகம் திருப்பிய அண்ணன், நடந்தது என்ன?" சாயங்காலம் வந்துருச்சு. எட்டு லட்சம் பேரு பாத்தாங்களாம். சௌமியா பட்டுச்சேலை நல்லா இருந்துச்சுன்னு நெறையப் பேரு எழுதியிருந்தாங்க.

அன்னியில இருந்து ஒரு வார்த்தை இல்ல. ரோட்டுல எதுத்தாப்புல வந்தாக்கூட ரெண்டு பேரும் சுத்தும் முத்தும் பாத்துட்டு ஒதுங்கிக்குவோம். எவன் எங்க இருந்து எடுப்பான்னு தெரியாதே.

இப்ப எங்க போறேன்னு கேக்கறியா? அங்கதான். மிதுன் தம்பி கூப்புட்டுச்சு. "மறுபடியும் அண்ணன் தங்கச்சி"ன்னு போடறாங்க. லைவு கண்ணு, வெட்டவே முடியாது. அண்ணனும் சரின்னு சொல்லிட்டாரு! அது எப்படி ஒத்துக்கிட்டாருன்னுதான் எனக்கு ஆச்சரியம். "அண்ணன் உங்களை மன்னிக்கத் தயாரா இருக்காரு"ன்னு எங்கிட்டே சொல்லுச்சு. அவருகிட்ட என்ன சொல்லுச்சோ தெரியல, நான் மன்னிப்புக் கேக்கப் போறதாச் சொல்லியிருக்குமாட்ட. எப்படியோ, பேசறதுக்கு ஒரு எடம் கெடைச்சுதே. எங்கண்ணங்கிட்டப் பேசணும்னா இப்ப எனக்கு அந்தச் சோபாவை உட்டா வேற எடம் ஏது? பைபாஸ் வேலை தொடங்கறதுக்குள்ள வாய்க்கா விசயத்தையும் சொல்லிப்போடுவோம்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கறாங்க. ஷூட்டிங்குக்கு முன்னால ரெண்டு பேரும் பேசவே கூடாது. மூஞ்சியைக் கூடப் பாக்கக்கூடாது. முன்னாடியே பேசிட்டா அங்க வந்து ஒண்ணும் வராதாம். அதுவும் சரிதான்.

அதனாலதான் கண்ணு இப்படிப் பின்னால வந்து உக்காந்திருக்கறேன். டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, ஜன்னலோரம், நரைச்ச தலை, நீலக் கோடு போட்ட துண்டு. தெரியுதா? அதான் அண்ணன். கையை நீட்டாதே! எங்கூருல இருந்து காலையில இந்த ஒரு பஸ்ஸுதானே. அவரு முன் வழியா ஏறுனாரு, நான் பின் வழியா ஏறிக்கிட்டேன். எறங்கறதும் அவரு காந்திபுரம், நான் சிங்காநல்லூர். கார் வந்து தனித்தனியாக் கூட்டிட்டுப் போகும்.

இருமறாரு பாரு. காரணம்பேட்டையில இருந்தே இருமிக்கிட்டு வர்றாரு. மழையில நனைஞ்சாப் போதும், அவருக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும். நங்கை இருந்தவரைக்கும் சீரகத் தண்ணி வெச்சுக் குடுக்கும். நான் இன்னிக்கு வெச்சு எடுத்துட்டு வந்தேன், இந்த பாட்டில்ல இருக்குது. எனக்குத்தான், வேற யாருக்கு?

கண்ணு, ஒரு உதவி பண்ணறியா? இதைக் கொண்டுபோய் அவருகிட்டக் குடு. யாரு குடுத்தான்னு சொல்லிறாதே. உன் தண்ணி மாதிரியே குடு. ஆரும் ஃபோனை வெச்சுக்கிட்டு நிக்கலயே? போ, புடிச்சுக்கிட்டுப் போ, வண்டி ஆடுது...

வந்துட்டியா. குடிச்சாரா? முழுசாவா? திரும்பிப் பாக்கலையல்ல? நல்லது. அவருக்கும் சொல்லித்தான் உட்டிருப்பாங்க. பாட்டிலை அவரே மூடிக் குடுத்தாரா?

என்னது? என்ன கேட்டாரு? திருப்பிச் சொல்லு கண்ணு.

"அம்மணி சாப்ட்டாளா?"ன்னா?

அம்மணின்னேதான் கேட்டாரா? எம்பேரைச் சொல்லலியா? அம்மணின்னா.

இல்ல கண்ணு, ஒண்ணுமில்ல. தூசி. ஜன்னலைச் சாத்து. சாப்டலைன்னு சொல்லிறாதே, அவரும் எறங்குற வரைக்கும் பட்டினியாத்தான் கெடப்பாரு. சாப்டேன்னு சொன்னாப் பொய்யின்னு கண்டுபுடிச்சுருவாரு. என்னன்னு சொல்லட்டும்? இரு, இரு. போகாதே. உக்காரு.

ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

அதை அங்க வந்து கேக்கட்டும். எதுத்த சோபாவுல உக்காந்துக்கிட்டு, அத்தனை லைட்டுக்கு முன்னால, "அம்மணி, சாப்ட்டயா?"ன்னு எங்கண்ணன் கேட்டாருன்னு வெய்யி. ஹாலே எந்திரிச்சு நிக்குமல்ல? இப்பவே பதில் சொல்லிட்டா அங்க வந்து எதைக் கேப்பாரு?

சிங்காநல்லூர் வந்துருச்சாட்ட. நவுரு கண்ணு, நான் பின் வழியா எறங்கிக்கறேன்.